டயாலிசிஸோடு நெடுநாள் வாழ: மிஷினுக்கு வெளியே இருக்கும் 156 மணி நேரத்துக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் முதல் ஓராண்டு முழுக்க ஒரே கேள்விதான். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும், "கிரியேட்டினின் எவ்வளவு?" 9.4 என்றால் அன்று அடுப்படியில் பேச்சே இருக்காது. 7.8 என்றால் அண்ணி பாயசம் வைக்காத குறை. சிறுநீரகம் ஓய்ந்துபோன அண்ணனை வாரம் மூன்று நாள், மிஷினால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் வந்துகொண்டிருந்த எனக்கும் அதுதான் வேதவாக்கு.

அங்கிருந்த டெக்னீஷியன் ஒருவர்தான் ஒருநாள் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் ஒரு கழிவு. டயாலிசிஸ் தொடங்கியபின், நன்றாகச் சாப்பிட்டு நடமாடுகிறவருக்கு அந்த எண் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சாப்பாடு இறங்காமல் உடம்பு உருகுகிறவருக்கு அது குறையும். நாங்கள் கொண்டாடிய 7.8, அண்ணன் ஒன்றரை மாதமாகப் பாதி வயிறு சாப்பிட்டதன் கணக்கு.

பிறகு அவர் அண்ணனிடம் கேட்டார்: "அண்ணாச்சி, சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து போனீர்களே, எத்தனை மணிக்குப் பழைய ஆளாக ஆனீர்கள்?" அண்ணன் யோசித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்" என்றார். "அதைக் குறைப்பதுதான் இனி நம் வேலை" என்றார் அவர்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் மிஷினோடு கழிவது மூன்று முறை நான்கு மணி நேரம், ஆக 12. மிச்சம் 156 மணி நேரம் வீட்டிலும் கடையிலும் கல்யாண மண்டபத்திலும் கழிகிறது. அந்த நேரம் எப்படிக் கழிய வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மருந்தின் அளவையோ உணவுக் கட்டுப்பாட்டையோ மாற்றுவதற்கு முன் உங்கள் நெஃப்ராலஜிஸ்ட்டிடம் (சிறுநீரக மருத்துவரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒத்துவருவது இன்னொருவருக்கு ஒத்துவராத நோய் இது.

படி 1: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். டயாலிசிஸ் நாளில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள். போகும்போது இருந்த எடை, திரும்பும்போது இருந்த எடை, முன்னும் பின்னும் ரத்த அழுத்தம், இடையில் நடந்தது (கால் இழுப்பு, வாந்தி, தலைசுற்றல்), கடைசியாக மீண்ட நேரம். மீண்ட நேரம் என்பது, வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்து தன் வேலையைத் தானே பார்க்கத் தொடங்கும்வரை ஆன மணிக்கணக்கு. மாதத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் போகும் சிறுநீரை ஒரு பாட்டிலில் சேர்த்து அளந்து அதையும் எழுதுங்கள். பலருக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் கொஞ்சம் சிறுநீர் போகும். அந்தக் கொஞ்சம் பெரிய சொத்து; அது இருக்கும்வரை தண்ணீரிலும் சாப்பாட்டிலும் சற்றுத் தாராளமாக இருக்கலாம்.

சிறுநீரக நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் 36 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் உண்டு. களைப்பு, அரிப்பு, வலி, பயணம், தாம்பத்தியம், பிறரைச் சார்ந்திருக்கும் வருத்தம் என எல்லாம் அதில் வருகின்றன. கிரியேட்டினின் வருவதில்லை.

படி 2: டிரை வெயிட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

உடம்பில் மிகைநீர் இல்லாமல், வீக்கமும் மூச்சிரைப்பும் இல்லாமல், ரத்த அழுத்தமும் சரியாக இருக்கும் எடைதான் டிரை வெயிட். டயாலிசிஸ் முடிந்து இறங்கும்போது அந்த எடைக்கு வந்திருக்க வேண்டும். அண்ணனுக்கு இப்போது 62 கிலோ.

இந்த எண் கல்வெட்டு இல்லை. பலரும் தவறுவது இங்கேதான். நன்றாகச் சாப்பிட்டுச் சதை போட்டால் டிரை வெயிட்டை ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் மிஷின் தேவைக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். கால் இழுக்கும், ரத்த அழுத்தம் விழும், வீட்டுக்கு வந்தும் நெடுநேரம் எழ முடியாது. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துச் சதை கரைந்தால் அதை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் தராசு பழைய எண்ணைக் காட்டும். கரைந்த சதையின் இடத்தில் நீர் நிற்கும். இரவில் தலையணையை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்றாலோ, மாத்திரை கூடியும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை என்றாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மாதம் ஒருமுறையாவது "டிரை வெயிட் இன்னும் சரிதானா?" என்று கேளுங்கள். கேட்டால்தான் பார்ப்பார்கள் என்று குறை சொல்லவில்லை. ஒரு ஷிஃப்டில் பதினைந்து பேரைக் கவனிக்கிற இடத்தில் நோட்டோடு நிற்பவருக்குத் தெளிவான பதில் கிடைக்கிறது.

படி 3: தண்ணீரைக் குறைக்கும் முன் உப்பைக் குறையுங்கள்

இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் ஏறும் எடை, டிரை வெயிட்டில் 4 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 62 கிலோ ஆளுக்கு அது இரண்டரை கிலோ. தண்ணீரை வெளியேற்றும் வேகத்துக்கும் ஒரு வரம்பு சொல்கிறார்கள்: கிலோ எடைக்கு மணிக்கு 13 மி.லி. அண்ணன் கணக்கில் நான்கு மணி நேரத்தில் 3.2 லிட்டர். அதற்கு மேல் போனால் இதயத்துக்கு அடி.

சித்தப்பா மகள் கல்யாணத்தில் இரண்டு நாள் பந்தியில் உட்கார்ந்துவிட்டு அண்ணன் 4.3 கிலோ ஏறிப் போனார். மூன்றாவது மணி நேரத்தில் இரண்டு கெண்டைக்காலும் கல்லாகி அவர் கத்தியதைப் பக்கத்துக் கட்டில்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அன்று அவர் குடித்த தண்ணீரை நான் எண்ணிப் பார்த்தேன். வழக்கத்தைவிட அவ்வளவு அதிகமில்லை என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு இலையை நினைத்துப் பார்த்தேன். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வத்தக்குழம்பு. அதற்குப் பின்னால் பாயசம், ரசம், மோர்.

உடம்பில் சேரும் ஒவ்வொரு 8 கிராம் உப்பும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உப்பு உள்ளே போனால் தாகம் வந்தே தீரும். உப்பைக் குறைக்காமல் ஒருவரைத் தண்ணீர் குடிக்காதே என்று திட்டுவது கொடுமை. எங்கள் வீட்டில் அந்தக் கொடுமையை ஓராண்டு செய்தோம். நாளுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு சிறு கரண்டி உப்புதான் மொத்தமும். அண்ணி காலையில் அந்த உப்பை ஒரு குங்குமச் சிமிழில் எடுத்து வைத்துவிடுவார். அண்ணன் பங்குக் குழம்பை உப்புப் போடுமுன் தனியே எடுத்து, சிமிழிலிருந்து போடுவார். சிமிழ் காலியானால் அன்றைய உப்பு தீர்ந்தது. புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டு, கறிவேப்பிலை, வறுத்துப் பொடித்த மல்லி ஆகியவை உப்பின் குறையை ஓரளவு மறைக்கும். நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும்.

ஓர் எச்சரிக்கை. 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்கும் பாக்கெட்டை வாங்கவே வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. ரத்த அழுத்தக்காரருக்கு நல்லது என்று ஓர் உறவினர் அன்போடு வாங்கி வந்ததை நாங்கள் கைகழுவும் தொட்டியில் கொட்டினோம்.

இனித் தண்ணீர். பொதுவான கணக்கு: நேற்று போன சிறுநீரின் அளவு, அதோடு 500 முதல் 750 மி.லி. சிறுநீரே போகாதவருக்கு மொத்தமும் அந்த 500 முதல் 750தான். காபி, ரசம், மோர், கஞ்சி, ஐஸ், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். அண்ணனுக்குச் சொந்தமாகப் பாத்திரக் கடை. ஒருநாள் கடை முழுக்கத் தேடி, விளிம்புவரை நிரப்பினால் சரியாக 100 மி.லி. பிடிக்கும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். அது வரும்வரை "அரை டம்ளர்தானே" என்று அவர் குடித்துக்கொண்டிருந்த அரை டம்ளர் 180 மி.லி. காலையில் அன்றைய அளவை ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பார். காபி குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவார். எங்கள் வீட்டுத் துளசி செழித்த கதை இது.

வாய் வறண்டால் கொப்பளித்துத் துப்பலாம். எலுமிச்சைத் துண்டை நக்கலாம். ஒரு ஐஸ் கட்டி, அதே அளவு தண்ணீரைவிட நெடுநேரம் வாயில் நிற்கும். சர்க்கரை நோய் இருந்தால் ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். சர்க்கரை ஏறினால் தாகத்தை யாராலும் தடுக்க முடியாது.

படி 4: சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், மாற்றுங்கள்

டயாலிசிஸுக்கு முன், புரதத்தைக் குறை என்று சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பின் அது தலைகீழ். ஒவ்வொரு முறையும் மிஷின் கொஞ்சம் புரதத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு, மோரும் சோறுமாக இளைத்துப்போனவர்கள் நிறையப் பேர். முட்டையின் வெள்ளைக்கரு இதில் ராஜா: ஒன்றுக்கு மூன்றரை கிராம் அளவுக்குப் புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. மீன், தோல் நீக்கிய கோழி, சைவர்களுக்கு அளவாகப் பருப்பும் பன்னீரும். கருவாடு வேண்டாம், அதன் உப்பு சிமிழில் அடங்காது.

பொட்டாசியம்தான் சத்தமில்லாமல் கொல்வது. இதயத்துடிப்பைக் குலைத்துவிடும். டயாலிசிஸுக்கு முன் 5.5-க்குள் இருந்தால் நிம்மதி. 6-ஐத் தாண்டினால் சாப்பிட்டது என்ன என்று அன்றே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நம் ஊரில் உடம்புக்கு நல்லது என்று நீட்டப்படுபவைதான் இங்கே எதிரி. இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு ஜூஸ், பேரீச்சை, பலாப்பழம், கருப்பட்டி, முருங்கைக்கீரை சூப். மருத்துவமனைக்கு நலம் விசாரிக்க வருகிறவர் கையில் இளநீர் இல்லாமல் வருவதில்லை; அண்ணன் அதை வாங்கி நன்றி சொல்லிவிட்டு என்னிடம் தருவார். ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி போன்றவை அளவோடு பரவாயில்லை. நட்சத்திரப் பழத்தை மட்டும் ஒரு துண்டுகூடத் தொடக்கூடாது. அதிலுள்ள நச்சைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும்; டயாலிசிஸ் நோயாளிக்கு நிற்காத விக்கலில் தொடங்கிக் குழப்பம், வலிப்பு, உயிரிழப்புவரை போயிருக்கிறது.

காய்களைத் தோல் சீவிச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். பொட்டாசியம் தண்ணீரோடு பெருமளவு போய்விடும். ஆவியில் வேகவைப்பதும், குக்கரில் வேகவைத்து வடிக்காமல் விடுவதும் இதற்கு உதவாது. உருளைக்கிழங்கு, கீரை எல்லாவற்றுக்கும் இதே வழிதான். "சத்தெல்லாம் போய்விடுமே" என்று அம்மா புலம்புவார். போகட்டும் என்றுதான் செய்கிறோம். மலச்சிக்கலையும் கவனியுங்கள், சிறுநீரகம் ஓய்ந்தபின் பொட்டாசியத்தில் ஒரு பங்கு மலத்தோடுதான் வெளியேறுகிறது.

பாஸ்பரஸ் கூடினால் அரிப்பு, நாளடைவில் எலும்பு நலிவு, ரத்தக்குழாய்களில் சுண்ணாம்புப் படிவு. பால் பொருள்கள், பாக்கெட் தின்பண்டங்கள், கருநிறக் குளிர்பானங்கள் இவற்றில் அது அதிகம். இதற்குத் தரும் செவலமர், கால்சியம் அசிடேட் போன்ற மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். அவை உணவிலிருக்கும் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக்கொள்பவை. வெறும் வயிற்றில் விழுங்கினால் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அண்ணன் இரண்டு மாதம் அவற்றை மற்ற மாத்திரைகளோடு காலையில் மொத்தமாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

படி 5: ஃபிஸ்டுலா கையை உயிரைப்போல் பாருங்கள்

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் ஃபிஸ்டுலா முறை 1966-ல் அமெரிக்காவில் பிரெஷியா, சிமினோ முதலியோரால் வெளியிடப்பட்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதைவிட மேலான வழி வரவில்லை. கழுத்தில் போடும் கத்தீட்டர் என்ற குழாய் தற்காலிகம். கிருமி உள்ளே போகத் திறந்த கதவு அது. கத்தீட்டரோடு மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல் ஃபிஸ்டுலா வைத்துக்கொள்ளுங்கள். அது முதிர்ந்து ஊசி தாங்கச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகும்.

தினமும் காலையில் பல் துலக்கும்முன் அந்தக் கையைத் தொட்டுப் பாருங்கள். பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு விரலில் தெரியும். மருத்துவமனையில் அதற்குப் பெயர் த்ரில். காதருகே வைத்தால் சத்தமும் கேட்கும். ஒரு மார்கழி மாதக் காலையில் அண்ணனுக்கு அது தெரியவில்லை. வலியில்லை, வீக்கமில்லை. "மத்தியானம் டயாலிசிஸுக்குப் போகிறோமே, அப்போது சொல்லலாம்" என்றார் அண்ணி. நல்லவேளை, அண்ணன் கேட்கவில்லை. சில மணி நேரத்துக்குள் போனதால் உறைந்த ரத்தத்தை எடுத்துக் குழாயைக் காப்பாற்ற முடிந்தது. முந்தைய இரவு அந்தக் கையைத் தலைக்கடியில் வைத்துத் தூங்கியிருக்கிறார்.

அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவிடாதீர்கள், ஊசி போடவிடாதீர்கள். இறுக்கமான வளையல், வாட்ச், பை மாட்டுவது எதுவும் வேண்டாம். ஊசி போட்ட இடத்தில் தோல் மெலிந்து பளபளத்தாலோ, பொருக்கு உதிராமல் நின்றாலோ உடனே காட்டுங்கள். வெடித்தால் நிமிடங்களில் உயிர் போகும். வீட்டில் ரத்தம் பீறிட்டால் துண்டைச் சுற்றி நேரத்தை வீணாக்காமல், துளையின் மேல் நேரே இரண்டு விரலால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்து 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள்.

படி 6: மிஷினில் இருக்கும் நான்கு மணி நேரம்

"பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கால் மணி நேரம் முன்னால் எடுத்துவிடுங்கள்." எல்லா யூனிட்டிலும் கேட்கும் குரல் இது. வாரம் மூன்று முறை 15 நிமிடம் குறைத்தால் ஆண்டுக்கு 39 மணி நேரம். கிட்டத்தட்ட பத்து டயாலிசிஸைச் செய்யாமல் விட்டதற்குச் சமம். தண்ணீர் ஏறியிருந்தால் நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். மெதுவாக எடுத்தால் உடம்பு தாங்கும். மீண்ட நேரம் குறையும். எங்கள் நோட்டில் மிகத் தெளிவாகத் தெரிந்த உண்மை இது ஒன்றுதான்.

டயாலிசிஸின்போது ரத்த அழுத்தம் விழும் பழக்கம் இருந்தால், அன்று காலை ரத்த அழுத்த மாத்திரையைப் போடுவதா, முடிந்தபின் போடுவதா என்று டாக்டரிடம் கேளுங்கள். நடுவில் வயிறு நிறையச் சாப்பிடுவதும் அழுத்தத்தை இறக்கும். டயாலிசிஸ் திரவத்தின் வெப்பநிலையை அரை டிகிரி, ஒரு டிகிரி குறைத்தால் பலருக்கு அழுத்தம் நிலைக்கிறது; குளிரும், போர்வை கொண்டுபோங்கள். கண் இருளும்போதோ, கொட்டாவி அடுக்கடுக்காக வரும்போதோ பொறுத்துக்கொண்டு படுத்திருக்காமல் உடனே குரல் கொடுங்கள். நடுவில் குளிர்நடுக்கம் வந்தாலும் அப்படியே, கத்தீட்டர் இருப்பவர்கள் முக்கியமாக.

டயாலிசிஸ் போதுமானதாக இருக்கிறதா என்று சொல்லும் அளவு யு.ஆர்.ஆர். டயாலிசிஸுக்கு முன்பிருந்த யூரியாவில் 65 சதவீதமாவது இறங்கியிருக்க வேண்டும். கிரியேட்டினினைக் கேட்கும் ஆர்வத்தை இதன் பக்கம் திருப்புங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் கேளுங்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரட்டிப்பு அளவில் போடுவார்கள். போட்டபின் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 7: களைப்புக்குப் பின்னால் இருப்பது

எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சிறுநீரகம்தான் சுரக்கிறது. அது நின்றதால் ரத்தச் சோகை வருகிறது. அந்த ஹார்மோன் ஊசியும் இரும்புச்சத்தும் சேர்த்து ஹீமோகுளோபினைப் பொதுவாக 10-க்கும் 11.5-க்கும் இடையில் வைக்கப் பார்ப்பார்கள். 14, 15 ஆக்குங்கள் என்று கெஞ்சாதீர்கள். 13-க்கு மேல் ஏற்றினால் பக்கவாத ஆபத்து கூடுகிறது. மாற்றுச் சிறுநீரகம் வைக்கும் எண்ணம் இருந்தால், ரத்தம் ஏற்றுவதை முடிந்தவரை தவிர்ப்பது நல்லது. பிறர் ரத்தத்துக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பணுக்கள் பின்னால் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கும்.

அரிப்பைப் பற்றி நோயாளிகள் வாயே திறப்பதில்லை. அதையெல்லாம் டாக்டரிடம் சொல்வதா என்ற கூச்சம். இரவெல்லாம் முதுகைச் சீப்பால் சொறிந்துகொண்டிருந்த அண்ணன் ஐந்து மாதம் கழித்துத்தான் சொன்னார். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தி, தோலுக்கு எண்ணெய்ப்பசை கொடுத்து, குறைந்த அளவில் ஒரு மாத்திரையும் எழுதினார்கள். ஒரு வாரத்தில் தூங்கினார். இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும் தொல்லைக்கும் மருந்து உண்டு.

மாத்திரை விஷயத்தில் ஒரு பிடிவாதம் வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் மிச்சமிருக்கும் சிறுநீரையும் நிறுத்திவிடும். தசைப்பிடிப்புக்குத் தரும் பேக்லோஃபென், கால் மரத்துப்போவதற்குத் தரும் கபாபென்டின், ப்ரிகாபலின் எல்லாம் சாதாரண அளவில் கொடுத்தாலே டயாலிசிஸ் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தும். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியம், "நான் டயாலிசிஸில் இருக்கிறேன்." நாட்டு மருந்துக்கும் இதே விதி. சர்க்கரை நோயாளிகள் இன்னொன்றையும் கவனியுங்கள். சிறுநீரகம் ஓய்ந்தபின் இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும். பழைய அளவே போட்டால் சர்க்கரை விழும். விழுந்தால் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், ஜூஸ் வேண்டாம்.

படி 8: வேலை, மனம், வீடு

1943-ல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் நடைமுறைக்கு உதவும் முதல் டயாலிசிஸ் கருவியைச் செய்தபோது அது சில நாள் தாக்குப்பிடிக்கவைக்கும் ஏற்பாடு மட்டுமே. 1960-ல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிரந்தரமாக ஒரு குழாய் வைத்த பிறகுதான் ஆண்டுக்கணக்கில் வாழலாம் என்றாயிற்று. அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். வாழலாம் என்றானதும் எப்படி வாழ்வது என்ற கேள்வி வந்துவிட்டது.

வேலையை விடாதீர்கள் என்பேன். முழுநேரம் முடியாவிட்டால் பாதி நேரம். அண்ணன் முதல் ஆண்டு கடைக்குப் போகவில்லை. ஓய்வெடுக்கட்டும் என்று நாங்கள்தான் தடுத்தோம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததை ஓய்வு என்று நினைத்தோம். டயாலிசிஸில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. சாப்பாட்டில் நாட்டமின்மை, தூக்கமின்மை, எதிலும் ஒட்டாமை எல்லாம் சிறுநீரக நோயின் அறிகுறிகள் போலவே இருப்பதால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டயாலிசிஸை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் அதட்டி அடக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். சிலருக்கு அது சிகிச்சையால் மாறக்கூடிய சோர்வு. வயதும் பிற நோய்களும் முற்றிய சிலருக்கு அது நிதானமான முடிவு. அவர்களுக்கு வலியும் மூச்சிரைப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை தனியே இருக்கிறது.

தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும், ஆண்களுக்கு விறைப்பு குறைவதும் மிகப் பரவலானவை. சொன்னால் வழி உண்டு. ஆனால் இதற்கான மாத்திரையைத் தானே வாங்கிப் போடக்கூடாது, இதய மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து. நடைப்பயிற்சி டயாலிசிஸ் இல்லாத நாளில் பத்து நிமிடத்தில் தொடங்கட்டும்.

கவனித்துக்கொள்பவர்களுக்கு ஒரு சொல். வாரத்தில் ஒரு நாளாவது துணைக்கு வேறொருவர் போகட்டும். அண்ணி எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை தன் அக்கா வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்தார். வேறொன்றும் செய்யவில்லையாம், தூங்கினாராம்.

படி 9: பணமும் பயணமும்

மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் தரும் பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-ல் வந்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் அடக்கம். டயாலிசிஸுக்காகவோ சிறுநீரக மாற்று அறுவைக்காகவோ ரயிலில் போகிறவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு: ஸ்லீப்பர், மூன்றாம் ஏ.சி. வகுப்புகளில் 75 சதவீதம், முதல், இரண்டாம் ஏ.சி.யில் 50 சதவீதம். மருத்துவமனை தரும் சான்றிதழைக் கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

வெளியூர் போவதென்றால் போகும் ஊரில் இரண்டு வாரம் முன்னரே இடம் சொல்லிவையுங்கள். சமீபத்திய ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள், டிரை வெயிட், ஃபில்டர் வகை, மருந்துப் பட்டியல் கையில் இருக்கட்டும். இரண்டு நாள் இடைவெளி வரும் நாள்களில் விருந்துப் பயணத்தை வைக்காதீர்கள். இதயம் சார்ந்த ஆபத்துகள் அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் அதிகம்.

படி 10: வேறு வழிகளையும் கேட்டுவிடுங்கள்

வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுக்கும் சி.ஏ.பி.டி. முறையை வீட்டிலேயே செய்யலாம். பொதுவாக நாளுக்கு நான்கு முறை பையை மாற்ற வேண்டும். பொட்டாசியக் கட்டுப்பாடு தளரும், மருத்துவமனைப் பயணம் குறையும். வெளியே வரும் திரவம் கலங்கினால் மட்டும் அன்றே ஓட வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

சிறுநீரக மாற்று பொருந்துமானால் அதுவே மேல். வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் தொடங்கியது நம் நாட்டின் வெற்றிக் கணக்கு. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவினராக ஏற்கிறது. உறவில் கொடையாளர் இல்லை என்றால் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்கான அரசுப் பட்டியலில் பதியுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் அதற்கு ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது. பதிவு செய்வதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் வரிசையில் பின்னால் போன மாதம். நாங்கள் பதினான்கு மாதம் தள்ளிப்போட்டோம்.

எப்போது காத்திருக்கக்கூடாது

படுத்தால் மூச்சு முட்டுவது, திடீரெனக் கைகால் தளர்ந்து துவள்வது, படபடப்போடு துடிப்பு தப்புவது, நெஞ்சு வலி, நிற்காத ரத்தம், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், ஃபிஸ்டுலாவில் அதிர்வு நிற்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த டயாலிசிஸ் நாளுக்காகக் காத்திருக்காமல், நள்ளிரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

அண்ணனின் இப்போதைய நோட்டு ஒன்பதாவது. சென்ற செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அவர் கையெழுத்து இப்படி இருக்கிறது: போனது 63.9. வந்தது 62. கால் இழுப்பு இல்லை. மீண்ட நேரம் 3 மணி. அதன்கீழ், கட்டத்துக்கு வெளியே, சாய்வாக: மாலை கடை திறந்தேன், குத்துவிளக்கு ஒரு ஜோடி விற்றது.